ஆறாவது கூறு

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒரு மணல் ஊர் இருந்தது. ஒரு வருஷம் அந்த ஊர் வலைகளில் மீன் விழுந்தது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. ஐஸ் கம்பெனி கதவைச் சாத்தியது. லாரிகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தன, பிறகு வாரம் ஒரு நாள், பிறகு நின்றே போயின. விற்காத மத்தியைக் கோழிக்குப் போட்டார்கள். நாலு நாளில் கோழியும் சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த வருஷத்தில்தான் நெடுஞ்சாலை ஓரத்துப் பொட்டலில் ஒரு கம்பிவேலி முளைத்தது. வேலிக்குள் லோடு ஆட்டோ, டிராக்டர், மினி பஸ் என்று வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால், கடல் காற்றுகூட எட்டாத அந்த இடத்தில், நாலைந்து ஃபைபர் படகுகள். வாசலில் ஒரு பலகை தொங்கியது. முன்பணம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதியிருந்தது.

ஊரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற நேரத்தில் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறவர் யார் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். போய்ப் பார்த்தது அஞ்சலாட்சியும் அவள் புருஷன் தில்லைவனமும்தான்.

அஞ்சலாட்சி சிரித்த முகக்காரி. அரிசி தீர்ந்துபோனால், பானைக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா என்று சொல்லிவிட்டுக் கிழங்கு அவிப்பாள். அவர்களுக்குப் பூவரசி என்று ஐந்து வயதில் ஒரு மகள். ஒரு வள்ளமும் இருந்தது. சின்ன மரப்படகு. ஆறு வருஷம் உழைத்துச் சொந்தமாக்கியது. அது கொஞ்சம் ஒழுகும், கரையை விட்டு ரொம்பத் தூரம் போகாது, வாய் மட்டும் அதிகம். அந்த ஊரில் படகுகள் பேசும். மனிதர்கள் பதில் சொல்வார்கள். அதை யாரும் அதிசயமாக நினைத்ததில்லை.

அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. விலை போகாதது கரையோர மீன்தான். ஆழத்தில் கிடைக்கிற வஞ்சிரத்துக்கும் பாறை மீனுக்கும் பட்டணத்து ஓட்டல்கள் இன்னும் நல்ல விலை கொடுத்தன. ஆழத்துக்குப் போக வள்ளம் தாங்காது. பெரிய படகு ஒன்று இருந்தால் இந்தக் கெட்ட காலத்தைத் தாண்டிவிடலாம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். வேலிக்குள் எதற்கும் நிழல் விழவில்லை. எல்லா வண்டிகளும் வாசலைப் பார்த்தபடியே நின்றன. பின்னால் நின்றவைகூட, முன்னால் நிற்பவற்றின் இடுக்கு வழியாக வாசலைத்தான் பார்த்தன. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

"அக்கா," என்றது லோடு ஆட்டோ. அதன் கண்ணாடியில் காய்ந்துபோன மஞ்சள் கயிறு ஒன்று கட்டியிருந்தது. "வளையல்காரர் அனுப்பினாரா உங்கள? சாவி கொண்டாந்திருக்கீங்களா?"

இல்லை என்று அஞ்சலாட்சி சொன்னாள். ஆட்டோ அதைக் காதில் வாங்காத மாதிரி மறுபடியும் அதையே கேட்டது.

பக்கத்தில் நின்ற டிராக்டர், அதை விடும்மா என்றது. தன்னுடைய ஆள் கரும்புத் தோட்டத்துக்காரர் என்றும், உழவு பாதியில் நிற்பதால் எப்படியும் வந்துவிடுவார் என்றும் சொன்னது. எத்தனை நாளாகக் காத்திருக்கிறாய் என்று அவள் கேட்டதற்கு, முன்பு நின்ற வேலியையும் சேர்த்து இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது என்றது. அதன் சக்கரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது.

அஞ்சலாட்சி சிரித்துச் சமாளித்துக்கொண்டு படகுகளின் பக்கம் போனாள்.

வெள்ளைப் படகு ஒன்று அவளைப் பார்த்ததும், "என்னை எடுத்துக்கிட்டுப் போயேன். கடலப் பாத்து ரொம்ப நாளாச்சு," என்றது. நல்ல படகு. நீளமான உடம்பு, புத்தம் புது என்ஜின். முகப்பில் மட்டும் வெள்ளைப் பெயின்ட் தடிப்பாக ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். கீழே "லெட்சு" என்று பாதிப் பெயர். அதற்கும் கீழே "ஆரோ" என்று இன்னொரு பாதி. அதற்கும் கீழே ஏதோ இருந்தது, படிக்க முடியவில்லை.

"உனக்கு எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"இப்ப ஒண்ணும் இல்லை."

"எப்படி அழிஞ்சுது?"

படகு அவளைத் தாண்டிப் பார்த்தது. அது பார்த்த திசையில் அஞ்சலாட்சியும் திரும்பிப் பார்த்தாள்.

பெரிய குடைக்குக் கீழே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை. கழுத்து வரைக்கும் பொத்தான். சட்டைக் கை அவ்வளவு நீளம், விரல்கூட வெளியே தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது நல்ல முகம்தான். கண்ணை எடுத்துவிட்டால், அது எப்படி இருந்தது என்று நினைவுக்கு வர மறுத்தது.

"என் பேர் தவணை," என்றார். குரல் பால் மாதிரி மெதுவாக வந்தது. "எனக்குக் காசு வேண்டாம், தங்கச்சி. படகோடு நானும் வருவேன். அணியத்தில் உட்கார ஓர் இடம். பிடிக்கிற மீனில் ஒரு கூறு. ஐந்து வருஷம். அப்புறம் நான் இறங்கிக்கொள்வேன். படகு உங்களுடையது."

அணியம் என்றால் படகின் மூக்கு. அங்கே ஓர் ஆள் உட்கார்வதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தில்லைவனம் நினைத்தான்.

தவணை காலடியில் இருந்த பிரம்புக் கூடையைச் சட்டைக் கையால் முன்னே தள்ளினார். தினமும் இது நிறைய வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்றார்.

"விட்டா?" என்று அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நிறைகிற மாதிரி நானே எதையாவது போட்டுக்கொள்வேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறார், எதைத் தூக்கிப் போடப்போகிறார் என்று நினைத்தார்கள். கையெழுத்தும் போட்டார்கள்.

அவர்கள் தப்பு செய்த இடம் அதுதான். அந்த ஊரில் கூறு என்றால் கடல் கொடுத்ததைப் பங்கு வைப்பது. கடல் அள்ளிக் கொடுத்தால் எல்லோருக்கும் அள்ளி வரும். கிள்ளிக் கொடுத்தால் எல்லோருக்கும் கிள்ளி. ஒன்றும் கொடுக்காவிட்டால் எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்கிற கூறு ஒன்றை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதனால் கூடை கண்ணெதிரே இருந்தும், மீன் தூக்கிப்போக வைத்திருக்கிறார் என்றுதான் எண்ணினார்கள்.

வெள்ளைப் படகு ஊருக்கு வந்தது. அணியத்தில் தவணை உட்கார்ந்து வந்தார். பெயின்டர் வந்து முகப்பில் கறுப்பு எழுத்தில் "பூவரசி" என்று எழுதினார். கடைசி எழுத்தின் சுழியைத் தூண்டில் முள் மாதிரி வளைத்து விட்டிருந்தார். பூவரசி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

பழைய வள்ளத்தைக் கவிழ்த்து வீட்டுப் பக்கத்தில் போட்டார்கள்.

"ஒழுகுறேன்னு ஒதுக்கிட்டீங்க," என்றது வள்ளம், கவிழ்ந்து கிடந்தபடியே. "என் ஓட்டையில வர்ற தண்ணி கண்ணுக்குத் தெரியும். அள்ளி ஊத்திடலாம்."

"உனக்குப் பொறாமை," என்றாள் அஞ்சலாட்சி.

"ஆமா, பொறாமைதான். அதனால நான் சொன்னது பொய்யாயிடுமா?"

முதல் நாள் நல்ல மீன்பாடு. தில்லைவனத்தோடு பக்கிரியும் உலகநாதனும் கடலுக்குப் போனார்கள். வள்ளத்தில் போன அதே ஆட்கள்தான். திரும்பி வந்ததும் முதல் வேலை படகை மேட்டுக்கு இழுப்பது. கூறு வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் கயிற்றில் கை வைக்க வேண்டும். காய்ச்சல் என்றாலும் கடைசியில் நின்று ஒரு விரலாவது வைக்க வேண்டும். வைக்காதவனுக்கு அன்றைக்குக் கூறு கிடையாது. ஊரில் யாருக்கும் விலக்கில்லாத பழக்கம் அது.

தவணை மட்டும் இறங்கவில்லை. அணியத்தில் உட்கார்ந்தே வந்தார். விருந்தாளி, வெள்ளைச் சட்டை வேறு, கயிறு பிடிக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆளுக்குக் கனமே இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு கூறு போட்டார்கள். ஆட்கள் மூன்று பேருக்கு மூன்று, வலைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, தவணைக்கு ஒன்று. மணலில் ஆறு குவியல். அஞ்சலாட்சி எப்போதும் போல முதுகைக் காட்டி நின்று மடியை ஏந்தினாள். ஒவ்வொருவரும் தன் அடையாளத்தை அதில் போடுவார்கள். அவள் பார்க்காமல் எடுத்து ஒவ்வொரு குவியலிலும் ஒன்றாக வைப்பாள். எந்தக் குவியலில் எவன் அடையாளம் விழுகிறதோ அது அவனுக்கு. அவள் கையில் சண்டை வந்ததில்லை.

பக்கிரியின் தீக்குச்சி விழுந்தது. உலகநாதனின் சிப்பி விழுந்தது. தில்லைவனத்தின் கயிற்றுத் துண்டு, வலைக்கு ஈயக்குண்டு, படகுக்கு மரச்சில்லு. கடைசியாகச் சில்லென்று ஒன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைப் பொத்தான்.

"பாத்தீங்களா, வெள்ளைச் சட்டையும் நம்ம ஆளு ஆயிட்டாரு," என்று உலகநாதன் சிரித்தான்.

"ஆமாம். நானும் உங்களில் ஒருவன்தான்," என்றார் தவணை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சட்டையில் நெஞ்சுக்கு நேரே ஒரு பொத்தான் இல்லை. காற்றில் அந்த இடம் லேசாகத் திறந்தது. உள்ளே நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், அந்தப் பக்கத்துக் கடல் தெரிந்தது.

வெயிலில் கண் பூத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பொத்தானைக் கடலில் வீசினாள். மறுநாள் அது மறுபடியும் மடியில் விழுந்தது. தினமும் விழுந்தது.

ஐந்தாறு மாதம் நன்றாகத்தான் போயிற்று. கூடை நிறைந்த பிறகும் எல்லோருக்கும் மீன் இருந்தது. பூவரசிக்குப் புதுச் செருப்பு வந்தது. வீட்டுக் கூரை மாறியது. ஊரில் இன்னும் இரண்டு பேர் கம்பிவேலிப் பக்கம் போய் வந்தார்கள்.

அப்புறம் பட்டணத்து ஓட்டல்களும் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. டீசல் விலை ஏறியது. அதோடு கடலும் கையை மடக்கிக்கொண்டது. ஒரு நாள் ஆறு குவியலுக்கும் ஆளுக்கு ஒரு கை மீன்தான் தேறியது.

தவணை தன் குவியலைக் கூடையில் போட்டார். கூடையின் அடிகூட மறையவில்லை.

"நிறையவில்லை, தங்கச்சி," என்றார்.

"கடல் குடுத்தது அவ்வளவுதான்."

"கடலோடு எனக்குப் பேச்சு இல்லை. உங்களோடுதான்."

அவர் கோபப்படவில்லை. சட்டைக் கையை நீட்டி மற்ற ஐந்து குவியலையும் ஒவ்வொன்றாகக் கூடைக்குள் வழித்துப் போட்டுக்கொண்டார். பக்கிரியும் உலகநாதனும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

பத்து நாள் பொறுத்துவிட்டு இரண்டு பேரும் உப்பளத்து வேலைக்குப் போனார்கள். போகும்போது பக்கிரி சொன்னான்: "கடல்ல மீனு தப்பிச்சிடுது, அண்ணி. அந்தக் கூடைகிட்ட ஒண்ணும் தப்ப மாட்டேங்குது."

தில்லைவனம் தனியாகப் போனான். அணியத்தில் தவணை முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் என்பார். இன்னும் கொஞ்ச தூரம். அவன் போகிற தூரம் நாளுக்கு நாள் கூடியது. திரும்பி வரும்போது கண் குழிக்குள் போயிருக்கும். படுத்தாலும் கை துடுப்புப் போடுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் மொத்த மீனையும் போட்டும் கூடை நிறையவில்லை. அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டே நின்றாள். தவணை முகப்பின் பக்கம் குனிந்தார். சிலேட்டைத் துடைப்பது போலச் சட்டைக் கையால் ஒரு துடை துடைத்தார். பெயரின் கடைசி எழுத்து, தூண்டில் முள் மாதிரி வளைந்த "சி", வழுக்கிக்கொண்டு வந்து கூடைக்குள் விழுந்தது. கூடை நிறைந்துவிட்டது.

வெறும் பெயின்ட்தானே, திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் மகள் முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பூவரசி."

குழந்தை உடனே திரும்பவில்லை. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

அஞ்சலாட்சி அன்றைக்குச் சிரிக்கவில்லை. பெயின்டரைக் கூட்டி வந்து எழுதச் சொன்னாள். எழுதின எழுத்து காயவே இல்லை, வழிந்து மணலில் சொட்டியது.

"எழுதாதே," என்று வெள்ளைப் படகு ரகசியமாகச் சொன்னது. "லெட்சுமி வீட்டிலயும் இப்படித்தான் எழுதிப் பாத்தாங்க."

"அந்தப் புள்ள இப்ப எங்கே?"

"இருக்கா. கூப்பிட்டா வரமாட்டா. அவளுக்கு அவ யாருன்னு தெரியாது."

அடுத்த வாரம் "ர" போயிற்று. பிறகு பக்கிரியின் அம்மா இறந்து போனாள். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகாது. தவணை வெயிலில் அணியத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் தில்லைவனம் போய், இன்றைக்குத் துக்கம், ஊர் வழக்கம் என்று சொல்லிப் பார்த்தான். தவணை ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு "வ"வைத் துடைத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டார்.

முகப்பில் "பூ" மட்டும் மிச்சம் இருந்தது. குழந்தை சாப்பிட்டாள், தூங்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். காலையிலேயே வானம் கழுவாத பித்தளைப் பானை மாதிரி ஆகிவிட்டது. ஊரே கரைக்கு வந்து படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. தில்லைவனம் மட்டும் வெள்ளைப் படகைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தான்.

அஞ்சலாட்சி ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"விடு, புள்ள. இன்னும் ஒரு எழுத்துதான் இருக்கு," என்றான். "நான் போகாட்டி அதையும் எடுத்துக்குவாரு."

"போனா நீங்க வரமாட்டீங்க."

"அவளாச்சும் அவளா இருக்கட்டும்."

அவன் குரலில் அழுகைகூட இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அணியத்தில் தவணை நேராக உட்கார்ந்திருந்தார். அந்தக் காற்றிலும் அவர் தலைமயிர் அசையவில்லை. சட்டையின் திறந்த இடத்தில் கறுத்த அலைகள் ஏறி இறங்குவது தெரிந்தது.

அவள் நின்று யோசித்தாள். அழுவதற்கு நேரம் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சோறு பொங்குவதும் கூறு போடுவதும்தான். கூறு போடுவது என்று நினைத்ததும், தினமும் மடியில் சில்லென்று விழுகிற அந்தப் பொத்தான் நினைவுக்கு வந்தது.

"சரி. போறதுக்கு முன்னால கூறு போட்டுட்டுப் போங்க," என்றாள்.

தில்லைவனம் அவளை விழித்துப் பார்த்தான். "கடலுக்கே போகல. என்னத்தக் கூறு போடுறது?"

"இன்னைக்குக் கடல் குடுத்தத."

அவள் உட்கார்ந்து ஈர மணலை அள்ளி ஆறு குவியல் வைத்தாள். இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு ஊர் ஜனம் கூடியது. பக்கிரியையும் உலகநாதனையும் கூப்பிட்டு, நின்று போன கூறு இன்றைக்கு உண்டு, அடையாளத்தைப் போடுங்கள் என்றாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் முதுகைக் காட்டி மடியை ஏந்தினாள். தீக்குச்சி விழுந்தது. சிப்பி விழுந்தது. கயிறு, ஈயம், மரச்சில்லு.

"ஆறாவது குவியலும் இருக்குங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "வேணும்னா போடுங்க. வேணாம்னா சொல்லிடுங்க, அஞ்சோட முடிச்சிக்கிறேன்."

மடியை ஏந்தியபடியே நின்றாள். கொடுக்கிற கூறு எதையும் அவர் இதுவரை விட்டதில்லை. மணலாக இருந்தாலும் விட மனம் வராது என்று அவள் நம்பினாள்.

சில்லென்று விழுந்தது.

அவள் அதை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். "இது யாரோடது?"

"என்னுடையது, தங்கச்சி," என்றார் தவணை.

"எல்லாரும் கேட்டுக்குங்க." பிறகு படகின் கயிற்றை எடுத்து மணலில் நீளமாகப் போட்டாள். "அப்ப எறங்குங்க. அடையாளம் போட்டவங்க கயிறு புடிக்கணும். படக மேட்டுக்கு இழுக்கணும்."

முதல் தடவையாக அந்தக் குரல் சற்றுத் தடுமாறியது. "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எனக்கு உட்கார ஓர் இடம் மட்டும்தான்."

"அன்னைக்கு உங்கள்ல ஒருத்தன்னு சொன்னீங்களே," என்றான் உலகநாதன்.

"கூடைதான் என்னுடைய கணக்கு."

"கூடை உங்களுது. கூறு எங்களுது," என்றாள் அஞ்சலாட்சி. "தெனமும் மடியில அடையாளத்தப் போட்டு வாங்கியிருக்கீங்க. கயிறு தொடாதவங்களுக்குக் கூறு கிடையாது. இன்னைக்கும் கிடையாது, வாங்கின அன்னைக்கும் கிடையாது. தொட மாட்டேன்னா, இதுவரைக்கும் எடுத்ததத் திருப்பி வைங்க."

ஊர் ஜனம் எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து வள்ளம் கத்தியது: "ஒரு விரல் வச்சாப் போதும்யா."

தவணை இறங்கினார். ஈர மணலில் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தடம்கூட விழவில்லை. கயிற்றின் கடைசியில் வந்து நின்று, நீளமான சட்டைக் கையை அதன்மேல் வைத்தார்.

"இழுங்க," என்றாள் அஞ்சலாட்சி.

இழுத்தார்கள். கயிறு விறைத்தது. அதன்மேல் இருந்த சட்டைக் கை, கொடியில் போட்ட ஈரத் துணி மாதிரி தொங்கியது. அதற்குள் விரல் இல்லை, மணிக்கட்டு இல்லை. இரண்டாவது இழுப்பில் மற்றக் கையும் தொங்கியது. மூன்றாவது இழுப்பில் தோள் சரிந்தது, கழுத்துப் பட்டை சரிந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் மணலில் விழுந்தது. அடுத்த காற்று அதைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு மேலாக நெடுஞ்சாலைப் பக்கம் போயிற்று.

இத்தனை நாள் கல்லாகக் கனத்த படகு நாலு இழுப்பில் மேட்டுக்கு வந்துவிட்டது.

அஞ்சலாட்சி கூடையைக் கவிழ்த்தாள். மீன் ஒன்றும் விழவில்லை. எழுத்துகள் விழுந்தன. கறுப்பாக, ஈரமாக, மட்டிச் சிப்பி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. ஒரு முறம் நிறையும். எத்தனையோ வீட்டுப் பெயர்கள். அவளும் தில்லைவனமும் மண்டியிட்டுத் தேடினார்கள். தூண்டில் முள் மாதிரி வளைந்த "சி" கிடைத்துவிட்டது. "வ"வும் "ர"வும் பத்துப் பதினைந்து கிடந்தன. எது தங்களுடையது என்று தெரியவில்லை. மழைத் துளி விழ ஆரம்பித்தது.

அஞ்சலாட்சி மகளைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். குழந்தை குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. ஒரு "வ"வை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. ரொம்ப நேரம் துழாவி ஒரு "ர"வை எடுத்தது.

"இது என்னோடது," என்றது.

தில்லைவனம் எழுந்து, பத்தடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு கூப்பிட்டான். பெயர் முடிவதற்குள் குழந்தை ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது.

புயல் இரண்டு நாள் அடித்துவிட்டுப் போயிற்று. மூன்றாம் நாள் கம்பிவேலியிலிருந்து லாரி வந்து, "பூ"வையும் உரித்தெடுத்துவிட்டிருந்த வெள்ளைப் படகை ஏற்றியது. யாரும் தடுக்கவில்லை.

"என்னைக் கெட்டவன்னு நெனச்சிடாத," என்றது படகு.

"நீ நல்ல படகுதான்," என்று அஞ்சலாட்சி அதைத் தட்டிக் கொடுத்தாள். "உன்னோட வந்த ஆளுதான் சரியில்ல."

வள்ளத்தை நிமிர்த்தி, பஞ்சும் குங்கிலியமும் வைத்து ஓட்டையை அடைத்தார்கள். இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன் என்று அது ஒரு வாரம் ஓயவில்லை. பக்கிரியும் உலகநாதனும் திரும்பி வந்தார்கள். கரையோர மீன், ஐந்து குவியல், எல்லாம் சின்னக் குவியல். சில நாள் வெறும் மணல். அந்த நாளில் ஐந்து பங்கும் சமமாகக் கையைத் தட்டிக்கொண்டு போயின. அஞ்சலாட்சி பானைக்கு லீவு விட்டாள்.

மிச்ச எழுத்துகளை என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. யாரும் மிதிக்கத் துணியவில்லை, வீட்டில் வைக்கவும் துணியவில்லை. வண்டிகளுக்குத்தான் அந்தந்த வீடு தெரியும் என்று நினைத்து, ஒரு நாள் மதியம் அஞ்சலாட்சி அவற்றை முறத்தில் அள்ளிக்கொண்டு கம்பிவேலிக்குப் போனாள். வேலி இடுக்கு வழியாகக் காட்டினாள். டிராக்டர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அந்த நாலு எழுத்தும் எங்க வீட்டுப் பேரு, என் பக்கத்தில் போடு, அவரு வரும்போது கொடுக்கிறேன் என்றது. லோடு ஆட்டோ முதல் தடவையாகச் சாவி கேட்பதை விட்டுவிட்டு, வளையல்காரர் வீட்டு எழுத்தை முறத்தில் தேடியது.

குடைக்குக் கீழே மேஜை அப்படியே இருந்தது. மேஜைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையும் இருந்தது. கஞ்சி போட்டு, தேய்த்து, நெஞ்சுக்கு நேரே ஒரு பொத்தான் மட்டும் இல்லாமல். திறந்த அந்த இடத்தில் நெடுஞ்சாலையும் அதில் போகிற வண்டிகளும் தெரிந்தன.

மேஜைக்கு முன்னால் இளசாக ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். அவள் இடுப்பில் கைக்குழந்தை. லோடு ஆட்டோவை ஆசையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காசு வேண்டாம், தங்கச்சி," என்று பால் மாதிரிக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. "முன் சீட்டில் உட்கார ஓர் இடம் போதும்."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பெண் பேனாவை வாங்கக் கையை நீட்டினாள்.

அஞ்சலாட்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். புயல் அன்றைக்கு அதில் முடிந்து வைத்த பொத்தான் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. அதை வேலிக்கு மேலாக அந்தப் பெண்ணின் காலடியில் வீசிவிட்டுச் சொன்னாள்:

"வண்டி சேத்துல மாட்டினா, எறங்கித் தள்ளுவாரான்னு கேட்டுக்கிட்டுப் போடும்மா கையெழுத்து."